"எல்லாம் கிளவுட்ல இருக்குப்பா!"

"ஏம்மா... அம்மா போட்டோவெல்லாம் காணோம்மா."

கும்பகோணத்திலிருந்து அப்பா போன் செய்தபோது நான் சென்னையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை காலை. சாவியைத் தொலைத்தவர் குரலில் இருக்கும் பதற்றம் அவரிடம் இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டு வந்து நிற்கும் சின்னப் பையனின் குரல் அது. அடுப்பை அணைத்தேன்.

"எங்கப்பா போகும்? நல்லா தேடிப் பாருங்க."

"தேடிட்டேன்மா. போன்ல இடமில்லை, இடமில்லைனு வந்துக்கிட்டே இருந்துச்சு. நீதானே சொன்னே, எல்லாம் கிளவுட்ல இருக்குப்பா, பயப்படாதீங்கன்னு. அதான் போன்ல இருக்கறதை மட்டும் அழிச்சேன். இப்போ கிளவுட்லயும் இல்லை."

ஓடிப்போய் என் பையனின் டேப்லெட்டைத் திறந்தேன். அப்பாவின் அக்கவுன்ட்டை அதிலும் போட்டு வைத்திருந்தோம். அம்மாவின் படங்கள் அதிலும் வரும். பேரன் பார்க்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதிலும் ஒன்றுகூட இல்லை.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போட்டோ என்றாலே "எனக்கெதுக்கு" என்று புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொள்கிற ஆள். கடைசி மூன்று வருடங்களில் அப்பா ஸ்மார்ட்போன் வாங்கிய பிறகுதான், அவள் அறியாமல் எடுத்த படங்கள் சேர்ந்தன. கீரை ஆய்கிற அம்மா, வாசலில் கோலம் போடுகிற அம்மா, பஸ்ஸில் தூங்குகிற அம்மா.

இதில் கொடுமை என்னவென்றால், என் தொழிலே இதுதான். நான் ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி. ஊர் பேர் தெரியாதவர்களின் தகவல்கள் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

* * *

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார், "அப்படி என்னம்மா பண்றீங்க அங்கே?"

"ஒரு ஆப்ல டிக்கெட் புக் பண்றீங்கன்னு வைங்கப்பா. அந்த விவரம் ஒரு சர்வர்ல எழுதப்படும். அந்த சர்வர் படுத்துட்டா எல்லாம் போச்சு. அதனால, அதே விவரத்தை அதே நேரத்துல இன்னும் ரெண்டு, மூணு சர்வர்லயும் எழுதி வைப்போம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எழுந்து வேலை பார்க்கும். புக் பண்றவங்களுக்கு எதுவுமே தெரியாது. இதுக்குப் பேரு ரெப்ளிகேஷன்."

அப்பா சிரித்தார். "அட, நகல் எழுத்தர் வேலை! இதைத்தானே நானும் பண்ணேன்."

அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பதிவுக்கு வரும் ஒவ்வொரு பத்திரத்தையும் அலுவலகத்துப் புத்தகத்தில் கையால் நகல் எழுதுவார்கள். வீடு, நிலப் பத்திரங்களுக்கு 'ஒன்றாம் புத்தகம்'. வீட்டில் மூலப்பத்திரம் கரையான் அரித்துப் போனாலும், அலுவலகத்தில் மனு போட்டு நகல் வாங்கிக்கொள்ளலாம்.

"நகல் எழுதறதுல ஒரு சட்டம் இருக்கும்மா" என்றார் அப்பா. "மூலத்துல தப்பு இருந்தா, நாம திருத்தக் கூடாது. சர்வே நம்பர் தப்பா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலும், உள்ளது உள்ளபடி தப்பாத்தான் எழுதணும். ஒழுங்கான நகல்னா அதுல தப்பும் ஒழுங்கா இருக்கும்."

அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

* * *

நகல் என்பதன் அருமையை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது மழை. 2015 டிசம்பர். அப்போது நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் இருந்தது. தரைத்தளத்தில் சர்வர் அறை. கடைகளின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. 'மெயின் சர்வர் போனாலும் கவலையில்லை, ஸ்டாண்ட்-பை இருக்கு' என்று வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வோம்.

டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது சர்வர் அறை முழுக்கச் சேறு. மெயின் சர்வரும் ஸ்டாண்ட்-பையும் ஒரே ரேக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஓர் அடி இடைவெளியில் இருந்தன. தண்ணீருக்கு அந்த ஓர் அடி ஒரு கணக்கா? இரண்டும் போயின.

கடைக்காரர்களிடமிருந்த பில் புத்தகங்களையும் பிரின்ட்-அவுட்டுகளையும் மூட்டையாக வாங்கிவந்து, பொங்கல் வரை உட்கார்ந்து டைப் அடித்தோம். ஒரே இடத்தில் இரண்டு நகல் இருந்தால் அது ஒரு நகல்தான் என்பது விரல் வலிக்க வலிக்கப் புரிந்தது.

இது சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் வருவதல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்திலேயே இருந்த வாடிக்கையாளர்கள் பலருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அடுத்துச் சேர்ந்த கம்பெனியில் எல்லாமே கிளவுட். கிளவுட் என்றால் வானத்தில் மிதப்பது அல்ல. அதுவும் யாரோ ஒருவரின் கட்டடத்தில் இருக்கும் சர்வர்கள்தான். ஆனால், அந்தக் கட்டடங்களை ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி, தனித்தனி மின்சார ஏற்பாட்டோடு வைத்திருப்பார்கள். உதாரணமாக, அமேசானின் 'அரோரா' என்ற டேட்டாபேஸ், நீங்கள் எழுதும் ஒவ்வொரு தகவலையும் மூன்று இடங்களில், இடத்துக்கு இரண்டாக, மொத்தம் ஆறு நகல்களாக வைக்கிறது. ஆறில் நான்கு 'எழுதிவிட்டேன்' என்று சொன்னால்தான் உங்கள் போனில் பச்சை டிக் வரும். அதனால் ஓர் இடம் முழுக்கவே இருண்டு போனாலும் வேலை நிற்காது.

இது நடக்கும் விதம் எளிமையானது. முதன்மை டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் 'லாக்' என்ற ஒரு குறிப்பில் வரிசையாக எழுதும். '10.02-க்கு இந்த இருக்கை இவருக்குக் கொடுக்கப்பட்டது, 10.03-க்கு அது ரத்தானது' என்கிற மாதிரி. அந்தக் குறிப்பு உடனுக்குடன் மற்ற நகல்களுக்குப் போகும். அவை அதை அப்படியே வரிக்கு வரி செய்துகொண்டே வரும்.

நகல் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கலாம், காத்திருக்காமலும் போகலாம். காத்திருந்தால் பத்திரம், ஆனால் தாமதம். கண்ணாடி இழையில் ஒளியே விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் போனாலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்காவது ஆகும். லட்சம் பேர் ஒரே நேரத்தில் தட்கல் டிக்கெட்டுக்கு மோதும்போது அதுகூடப் பெரிய நேரம். அதனால் பக்கத்து நகலுக்குக் காத்திருப்போம். தூரத்து ஊர் நகல் கொஞ்சம் பின்னால் வரட்டும் என்று விட்டுவிடுவோம்.

அந்தக் கொஞ்சம் இடைவெளியும் சில நேரம் வினையாகும். 2018 அக்டோபர் 21 அன்று, உலகம் முழுக்க உள்ள மென்பொருள்காரர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கான இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. 'கிழக்கு போய்விட்டது' என்று நினைத்து மேற்குக் கரை நகல் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால், கிழக்கில் எழுதப்பட்ட சில தகவல்கள் இன்னும் மேற்குக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளை ஆன கதை. எது சரி என்று ஒத்துப்பார்த்துச் சரிசெய்து, தளம் பழைய நிலைக்கு வர 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. அறுந்தது வெறும் 43 விநாடி!

* * *

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2019-ல் ஓர் இரவு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்போது எங்கள் டீம் பார்த்துக்கொண்டிருந்தது டயாலிசிஸ் மையங்களுக்கான முன்பதிவு ஆப். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வரவேண்டிய நோயாளிகள். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, எந்த மெஷின் என்பதெல்லாம் அதில்தான். பழைய சோதனைப் பதிவுகளை நீக்க வேண்டியிருந்தது. இரவு 11.42. வீட்டிலிருந்தே லாக்-இன் செய்தேன். பையனுக்குக் காய்ச்சல். ஒரு கையில் அவன், ஒரு கையில் கீபோர்டு. 'சோதனைப் பதிவுகளை மட்டும்' என்று சொல்லவேண்டிய அந்த ஒரு வரியை விட்டுவிட்டு என்டரைத் தட்டினேன்.

ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் போயின.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. 'மூணு நகல் இருக்கே' என்றுதான் தோன்றியது. இரண்டாவது நகலைத் திறந்தேன். காலி. மூன்றாவது, தூரத்து ஊரில் இருப்பது. அதுவும் காலி. கண்காணிப்புத் திரையில் மூன்றும் பச்சை விளக்கோடு ஒளிர்ந்தன. 'மூன்றும் நலம், தாமதம் பூஜ்ஜியம்.' நான் கொடுத்த கட்டளையை மூன்றும் பிசகில்லாமல் நிறைவேற்றியிருந்தன. நகல்களின் பக்கம் ஒரு குற்றமும் இல்லை.

'ஒழுங்கான நகல்னா அதுல தப்பும் ஒழுங்கா இருக்கும்.' அப்பா சொன்னது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. ரெப்ளிகேஷன் உங்களைச் சர்வர் பழுதிலிருந்து காப்பாற்றும். தீயிலிருந்து, வெள்ளத்திலிருந்து காப்பாற்றும். உங்கள் கையிலிருந்து காப்பாற்றாது.

காலை 6 மணிக்கு முதல் ஷிஃப்ட் நோயாளிகள் வருவார்கள். ஒரு நாள் தள்ளிப்போட முடிகிற சிகிச்சை அல்ல அது. மேலாளரை எழுப்பி "நான்தான் அழிச்சேன்" என்று சொன்னேன். அந்த மனிதர் திட்டவில்லை. "லாக் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அன்று அதிகாலை 2 மணிக்கு எடுத்த முழு பேக்கப் தனியாக இருந்தது. அதற்குப் பிறகான லாக்குகளும் தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தன. பேக்கப்பை வைத்துப் புதிதாக ஒரு டேட்டாபேஸ் எழுப்பி, அதில் லாக்கை 11.41 வரை மட்டும் ஓட்டினோம். அடுத்த நிமிடத்துக்கு விடவில்லை. நான் தப்பு செய்வதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்த உலகம் திரையில் வந்தது. அதிலிருந்து முன்பதிவுகளை எடுத்து நிஜ டேட்டாபேஸில் சேர்த்து முடித்தபோது மணி 4.35. பையன் என் தோளிலேயே தூங்கியிருந்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். "எங்க ஆபீஸ்லயும் அதேதான்மா. பத்திரத்துல தப்புன்னா பழசை அடிச்சுத் திருத்த முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம்னு புதுசா ஒண்ணு பதியணும். பழசு அப்படியே இருக்கும். அப்போதானே எப்போ எது மாறுச்சுன்னு தெரியும்" என்றார். பேக்கப்பையும் லாக்கையும் இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

என் கதையாவது ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது, எங்கள் தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. நகல் சர்வரில் செய்யவேண்டிய நீக்கத்தை, நீண்ட நேரம் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மை சர்வரில் செய்துவிட்டார். சட்டென்று உணர்ந்து நிறுத்தும்போது, சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் எடுக்க முடியாமல் போனது அதுவரை யார் கவனத்துக்கும் வரவில்லை. கடைசியில், ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக எடுத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தகவல்கள் போனது போனதுதான். அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது.

அதிலிருந்து கற்றுக்கொண்டு எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்க்கிறோம். கூடவே, வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பின்தங்கி வரும் நகல் ஒன்றும் வைத்திருக்கிறோம். யாராவது தப்பாக அழித்தால், அது அந்த நகலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நிறுத்திவிடலாம். டீமில் அதற்குப் பெயர் 'சோம்பேறி'.

* * *

இத்தனை ஏற்பாடும் ஆபீஸில். அப்பாவுக்கு நான் கொடுத்தது 'எல்லாம் கிளவுட்ல இருக்குப்பா' என்ற ஒரு வாக்கியம் மட்டும்.

அந்த போட்டோ ஆப் செய்வது பேக்கப் இல்லை, ஒத்திசைவு. நான் பார்க்கும் ரெப்ளிகேஷனின் தம்பி அது. போனில் எடுத்தால் கிளவுடிலும் வரும். ஆப்பில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். 'போனில் மட்டும் இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. அதை அப்பாவுக்கு நான் காட்டித் தரவே இல்லை.

"அப்பா, எப்போ அழிச்சீங்க? தேதி முக்கியம்" என்றேன். இப்படிப்பட்ட ஆப்களில் குப்பைத்தொட்டி இருக்கும். சிலவற்றில் 30 நாள், சிலவற்றில் 60 நாள். அப்பாவின் ஆப்பில் 60.

"ரெண்டு தடவைம்மா. முதல்ல ஆடிப்பெருக்கு அன்னிக்கு. காவிரியில தண்ணி நிறைய வந்துச்சு, போட்டோ எடுக்கலாம்னு போனா இடமில்லைனு வந்துச்சு. அப்போ கொஞ்சம். அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்ச வாரம் கொஞ்சம்."

விரல்விட்டு எண்ணினேன். பிள்ளையார் சதுர்த்திக் கணக்கில் இன்னும் நாள் இருந்தது. அந்த 212 படங்களும் குப்பைத்தொட்டியில் பத்திரமாக இருந்தன. ஒரே தட்டில் திரும்பி வந்தன.

ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. அன்றோடு 63 நாள் ஆகியிருந்தது. மூன்று நாள்!

அப்பாவிடம் மூன்று நாள் கணக்கைச் சொல்லவில்லை. சித்திக்கு போன் போட்டேன். அப்பா எந்தப் படம் எடுத்தாலும் வாட்ஸ்அப்பில் சித்திக்கு அனுப்புவார் என்பது நினைவுக்கு வந்தது. "பழைய போன் டிராயர்ல கிடக்குடி. ஸ்கிரீன் உடைஞ்சுபோச்சு" என்றாள். கணவரும் நானும் அன்று மதியமே தாம்பரம் போய் வாங்கிவந்து, சர்வீஸ் கடையில் ஸ்கிரீன் மாற்றினோம். அதில் பெரும்பாலானவை இருந்தன. கொஞ்சம் மங்கலாக, ஆனால் இருந்தன. கிட்லேபைக் காப்பாற்றிய அந்தச் சோதனைப் பிரதி மாதிரி, யாரும் திட்டமிடாத ஒரு நகல்.

எல்லாமும் கிடைக்கவில்லை. அப்பா ஞாபகத்திலிருந்து சொன்னதில் 17 படங்கள் எங்கேயும் இல்லை.

இப்போது அம்மாவின் படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. கிளவுடில் ஒன்று. என் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க். கும்பகோணத்தில் அப்பாவிடம் இன்னொன்று. டிஸ்க் இரண்டும் எதோடும் இணைக்கப்படாதவை. ஒன்றில் அழித்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்ய ஒரு மதியம் போதும். ஆனால், எடுத்து வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். அவ்வப்போது திறந்தும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டி, கண்ணை மூடி ஏதாவது ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படம் திறக்கிறதா என்று பார்த்து எனக்கு போன் செய்வார். எண் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பெரிய கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, எல்லாப் படத்துக்கும் வரிசை எண் கொடுத்து, தேதி, இடம், விவரம் என்று பத்தி பிரித்துத் தன் கையெழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார். மேலட்டையில் 'ஒன்றாம் புத்தகம்'.

பொங்கலுக்குப் போனபோது அதைப் புரட்டினேன். நடுநடுவே சில எண்களுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தப் பதினேழு.

'எண் 88. ஆடி வெள்ளி. கும்பேஸ்வரர் கோயில் வாசல். மஞ்சள் புடவை. பூக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். படம் இல்லை.'